நட்டுக்கு நட்டு குங்கிலியம்

அலோ... அலோ... தக்கலையா? சுந்தர்சிங் மாமா வீடா?... எக்ஸ்சேஞ்சு அம்மிணி, லைன் வந்துட்டு, நீ இடையில பேசாத, நான் பேசிக்கிடுகேன்... அலோ... ஆமா, ஆமா, நாகர்கோவில்லேருந்துதான். யாரு, செல்லபாய் அத்தையா?... நான் ராஜையன். இஸ்ரவேலுக்க அண்ணன்... ஆமா அத்தை, மாப்பிள்ளைக்க அண்ணன்தான். ஒர்க்‌ஷாப்பு ராஜையன்.

ஸ்தோத்திரம் அத்தை, ஸ்தோத்திரம்... சாப்பிட்டாச்சு... எல்லாரும் சாப்பிட்டாச்சு... இட்டிலியும் ரசவடையும், ஆமா... அத்தை, வண்டி வந்துட்டா?... நம்ம வண்டி. ததேயுஸ் ஓட்டிட்டு வாற கறுப்பு பிளசர் காரு. பொண்ணைக் கூட்டிட்டு வர அனுப்பினோம்லா, அது... வரல்லியா? இன்னும் வரல்லியா?... இல்ல, இல்ல, பிந்தல்ல. எட்டு மணிக்குத்தான் சர்ச்சு வாசல்லேருந்து விட்டுது. இப்பம் எட்டே முக்கால். வந்துரும்... வரட்டும். பைய வரட்டும்.

அத்தை, மாமாவக் கொஞ்சம் கூப்பிடுங்க... பந்தல்ல நிக்காவளா? பரவாயில்ல, கூப்பிடுங்க... ஒண்ணுமில்ல அத்தை. பேடிக்காதீங்க. சும்மா ஒரு வண்டி காரியம். ஒண்ணுமில்லன்னு சொல்லுகேன்லா.

ரேடியோவா? ஆமா, பாடிட்டேதான் வருது. கொழும்பு ஸ்டேஷன். பக்கத்துல நின்னு பாடுக மாதிரி கேக்கும்... சினிமாப் பாட்டெல்லாம் வராது அத்தை, வந்தா ததேயுஸ் திருப்பிருவான். சொல்லித்தான் விட்டிருக்கேன்... கரகரப்பா? மத்த வண்டியில கரகரக்கும். எஞ்சினுக்குள்ள பிளக்கு ஒவ்வொரு தடவை பொறி விடும்போதும் ரேடியோவுல டிக் டிக்னு அடிக்கும். அதுக்குத்தானே ஒரு வாரமா கெடந்து பாடுபட்டேன். பிளக்குக்குப் போற வயருக்கெல்லாம் செம்புவலையில சட்டை மாட்டியிருக்கேன். பட்டாளத்துல வயர்லெஸ் வண்டிக்குச் செய்த அதே வேலை... ஆமா, ஆமா, எஞ்சின் நின்னாலும் பாட்டு நிக்காது. பாட்டுக்கு வயரு நேரே பேட்டரியிலேருந்து வருது. சாவியத் திருப்பி எஞ்சின அணைச்சாலும் ரேடியோ பாடிட்டேதான் இருக்கும்... ஐயோ, நான் எதுக்கு இப்பம் இதெல்லாம் பேசிட்டு நிக்கேன்! அத்தை, மாமாவ! செணம் கூப்பிடுங்க.

...

அம்மிணி, நீ கேக்குதியா? மூணு நிமிசம் ஆனா வெட்டிராத. எக்ஸ்டென்ஷன் போட்டுரு. எத்தனை வேணும்னாலும் போட்டுரு... அரை மணிக்கூர் காத்துக் கெடந்து கிடைச்ச லைனு மக்களே... ஆமா, கல்யாண வீடுதான்... என்னத்தச் சொல்ல.

அலோ... மாமா? ஸ்தோத்திரம் மாமா. ராஜையன்... ஆமா, இங்க எல்லாம் ரெடி. சர்ச்சுக்கு எதுத்தாப்புல டிஸ்பென்சரியிலேருந்து பேசுகேன். போதகர் வந்தாச்சு. பூ கட்டியாச்சு... ஆமா, பத்தரைக்குத்தான்... மாமா, ஒரு சின்ன காரியம். அந்த வண்டியில நேசபாய ஏத்தாண்டாம்.

...

இல்ல... மாமா... மாமா, கேளுங்க. நான் அப்படிச் சொல்லல்ல... கல்யாணத்த யாரு வேண்டாம்னு சொன்னா? இஸ்ரவேலு விடியக்காலமே குளிச்சு கோட்டு மாட்டி நிக்கான்... எங்களுக்கு ஒரு குறையும் இல்ல... நகையப் பத்தி யாரு பேசினா? கர்த்தாவே! நீங்க எதுக்கு அதையெல்லாம் இழுக்கிய?... எங்க அம்மைக்கும் மனசுல ஒண்ணுமில்ல. அவியளுக்கு நான் போன் பண்ணுகதே தெரியாது... மாமா, வண்டிய மட்டும்தான் சொல்லுகேன். பொண்ணு வேற வண்டியில வரட்டும். உங்க அண்ணாச்சிக்க வண்டி நிக்குல்லா?... மார்த்தாண்டத்துக்குப் போயிருக்கா... சரி, வாடகைக்கு ஒண்ணு பிடிச்சு...

ஆமா... ஆமா... நாங்கதான் சொன்னோம். ரேடியோ பாடுத வண்டி அனுப்புகோம்னு நாந்தான் சொன்னேன், சரிதான்... நீங்க ஊரு முழுக்கச் சொல்லிட்டிய, ஆமா... ரோட்டுல ஆளு நிக்கு, ஆமா... பள்ளிக்கூடத்துப் பிள்ளையளெல்லாம் மதில்ல ஏறி இருக்காவ... ஆமா மாமா, எல்லாம் ஆமா. மானம் போயிரும்னு சொல்லுகிய. எனக்கும் மானம் உண்டும்.

வண்டியில ஒரு சின்ன கோளாறு... சின்னதுதான்... ரேடியோ கொஞ்சம் கரகரக்கும். அவ்வளவுதான். கல்யாண வண்டியில கரகரப்பு நல்லாயிருக்காதுல்லா, அதான்...

கரகரத்தா கரகரத்துட்டுப் போகட்டும்னா சொல்லுகிய?... இல்ல மாமா. அப்படி விட முடியாது. அது வந்து...

நீ எதுக்குலே இங்க வந்த?... ஒண்ணுமில்ல இஸ்ரவேலு. தக்கலைக்குத்தான் பேசுகேன். உனக்க மாமனாருதான் லைன்ல... சுகம், எல்லாரும் சுகம். நேசபாயும் சுகம்தான், பின்ன என்ன... வண்டி வந்துட்டிருக்கு. எனக்க முகத்துக்கு என்ன? வேர்வைலே. இந்தக் கோட்டுக்குள்ள எவனுக்கு வேர்க்காது? நீ போ மக்கா. போயி போதகருக்குப் பக்கத்துல நில்லு. பூவக் கசக்காத. போ... கதவச் சாத்திட்டுப் போ.

மாமா, இருக்கியளா?... தம்பி வந்தான். போயிட்டான். அவனுக்கு முன்னால என்னால சொல்ல முடியல்ல. இப்பம் உள்ளதச் சொல்லுகேன். அந்த வண்டி தீப்பிடிக்கும்.

...

ஆமா. தீ... இல்ல, குடிக்கல்ல மாமா. எனக்குப் பழக்கமில்ல, உங்களுக்குத் தெரியும்... தீதான். இன்னும் பிடிக்கல்லன்னா அது ஆண்டவருக்க கிருபை.

கேளுங்க. இடையில பேசாதீங்க, கேளுங்க. வயருக்குச் சட்டை போட்டேன்னு அத்தைகிட்ட சொன்னேன்லா. அந்தச் சட்டைய சும்மா போட்டாப் போதாது. அதுக்க நுனிய வண்டிக்க இரும்புல நட்டு வச்சு முறுக்கி விடணும். அதுக்குத்தான் எர்த்துன்னு பேரு. வயருலேருந்து கசியுத கறண்ட, சட்டை பிடிச்சு, இரும்புல கொண்டு விட்டுரும். சத்தம் அடங்கும். இரும்பத் தொடல்லன்னா என்ன ஆகும்? கடிநாய்க்குச் சங்கிலி போட்டுட்டு, மறு நுனியத் தூண்ல கெட்டாம விட்டா என்ன ஆகும்? அதுதான். சட்டையில ஏறின கறண்டு எங்கயாவது சாடும். பக்கத்துல எந்த இரும்பு இருக்கோ அதுல பொறி விட்டுச் சாடும். மாமா, பக்கத்துல இருக்கது கார்புரேட்டர். அதுல பெட்ரோல் கசியுது.

...தெரியும். கசியுதுன்னு எனக்குத் தெரியும். கல்யாணம் கழியட்டும், பொறவு பாப்போம்னு விட்டேன். பிளக்கு வயரும் பழசு. ரப்பர் வெடிச்சிருக்கு. சட்டைக்குள்ள இருந்தா யாருக்கும் தெரியாதுன்னு... ஆமா. அப்படித்தான் நெனச்சேன். எர்த்து சரியா இருந்தா ஒண்ணும் ஆகாது. வியாழக்கிழமை நானே அஞ்சு இடத்துல இரும்ப வெள்ளையாச் சுரண்டி முறுக்கினேன். எஞ்சின ஓட்டி ரேடியோவ வச்சுப் பாத்தேன். ஒரு டிக் இல்ல. ஜெபத்துல இருக்க மாதிரி இருந்தது.

பின்ன என்ன ஆச்சுன்னா... ததேயுஸ். குளச்சல்காரன்லா அவன். அவனுக்க அப்பனும் அண்ணன்மாரும் வள்ளக்காரங்க, கடலுக்குப் போறவங்க. நேத்து சாயங்காலம் வண்டியக் களுவும்போ, பானட்டத் திறந்து பாத்திருக்கான். சுரண்டின இடம் வெள்ளையாத் தெரிஞ்சிருக்கு. கடற்காத்துக்கு ரெண்டு நாள்ல துரு ஏறிரும், கல்யாண வண்டில்லான்னு, அஞ்சு நட்டையும் கழத்தி, வள்ளத்துக்குப் பூசுவாவல்லா, குங்கிலியத்த எண்ணெயில போட்டுக் காய்ச்சினது, அத நட்டுக்கு நட்டு பூசி, திருப்பி முறுக்கியிருக்கான். பூசாத ஆணி வள்ளத்த முக்கும்னு எப்பமும் சொல்லுவான் அவன். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல. எனக்குச் செய்த மரியாதைன்னு நெனச்சுச் செய்திருக்கான். வள்ளத்துக்கு அது சரி மாமா. எனக்க வேலைக்கு... நீங்க ரப்பர் யாவாரி. ரப்பரத் தாண்டி கறண்டு போவுமா? காஞ்ச குங்கிலியமும் அப்படித்தான். அஞ்சு எர்த்தும் அத்துப் போச்சு.

எப்படித் தெரியும்னா... அவனுக்க பொஞ்சாதி எட்டேகாலுக்கு வந்தா. எனக்க ஸ்பானரத் திருப்பித் தாறதுக்கு. கையில வாங்கினேன், பிசுபிசுன்னு ஒட்டிச்சு. மணந்து பாத்தேன். என்னம்மா இதுன்னு கேட்டேன். சிரிச்சுட்டே சொன்னா. நல்ல காரியம்னு நெனச்சுச் சொன்னா, பாவம்.

உடனே பின்னால போயிருக்கணும்னா? போகப் பாத்தேன் மாமா. ஒரு வண்டி கிடைக்கல்ல. பஸ்ஸு அப்பம்தான் விட்டுது. டிஸ்பென்சரியில ஓடி வந்து டிரங்கு காலுக்குச் சொல்லி வச்சுட்டு, இந்த மேசையில குத்தவச்சு...

...ஆமா. இன்னொண்ணு உண்டு. அதையும் சொல்லிருகேன். பொறவு நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுங்க. காலைல வண்டி விடும்போதே கேட்டேன் மாமா. டிக் டிக்குன்னு. பாட்டுக்கு அடியில, மெல்ல. எனக்க காதுக்கு அது தப்பாது. ஆறு வருசம் பட்டாளத்துல அந்தச் சத்தத்தத்தான் தேடிட்டுத் திரிஞ்சேன். சர்ச்சு வாசல்ல ஊரே நின்னு கை தட்டுகு. ராஜையன் காருக்குள்ள கொழும்பக் கொண்டு வந்துட்டாம்னு பேசுகாவ. அந்த நேரத்துல, வண்டிய நிறுத்துலே, பானட்டத் திறலேன்னு சொல்ல எனக்கு வாய் வரல்ல. கேட்டுட்டும் கேக்காதவன் மாதிரி நின்னேன். இது நான் செய்தது. ததேயுஸ் செய்தது இல்ல. நான்.

திட்டுங்க... திட்டுங்க மாமா, நான் கேட்டுக்கிடுகேன்... ஆனா பொறவு. இப்பம் நான் சொல்லுகதச் செய்யுங்க.

ரோட்டு முக்குல ரெண்டு ஆள நிறுத்துங்க. வண்டி தூரத்துல வரும்போதே கை காட்டி நிறுத்தணும். வீட்டு வாசலுக்கு வரவே கூடாது. ததேயுஸ்கிட்ட சாவியத் திருப்பச் சொல்லணும்... இல்ல, அவன் தானா அணைக்க மாட்டான். நாந்தான் சொல்லி விட்டேன், பொண்ணு வீட்டு வாசல்ல நிக்கும்போ எஞ்சின அணைக்காத, ரேடியோ பாடிட்டிருந்தா பேட்டரி இறங்கிரும், அப்பம் பத்து பேரு தள்ளணும், கேவலம்னு... ஆமா, அதுவும் நாந்தான். மாமா, ஓடும்போ பேடியில்ல, காத்து பெட்ரோல் ஆவியக் கொண்டு போயிரும். ஓரிடத்துல நின்னு எஞ்சின் ஓடும்போதான் மோசம். பானட்டுக்குள்ள ஆவி அடைஞ்சு கெடக்கும். ஒரு பொறி போதும்.

பானட்ட யாரும் திறக்கக் கூடாது. திறந்தா காத்து போயி குபீர்னு ஆளிப் பிடிக்கும். பந்தக்காலு நட்ட இடத்துல மண்ணு கெடக்கும்லா, அத ரெண்டு சருவச் சட்டியில வாரி வச்சுக்கிடுங்க. வெள்ளம் ஆகாது, தண்ணியே கூடாது. பெட்ரோல் தீக்கு வெள்ளம் ஊத்தினா வெள்ளத்துக்கு மேல மிதந்து ஓடும். மண்ணுதான்... மண்ணு. புரிஞ்சுதா?... சரி. ஆள அனுப்புங்க. போன வைக்காதீங்க. மேசையில வச்சுட்டுப் போங்க.

...

மாமா... மாமா, போகாதீங்க, ஒரு நிமிசம். அது என்ன பாட்டு?... உங்க வீட்டுல ரேடியோ உண்டுமா?... இல்ல, இப்பம், உங்களுக்குப் பின்னால... பேசாதீங்க. பேசாதீங்க மாமா, நான் கேக்கட்டு.

...

டிக் டிக்.

வந்துட்டு மாமா! வண்டி வந்துட்டு, உங்க வாசலுக்கே வந்துட்டு! பாட்டுக்கு அடியில எஞ்சின் ஓடுகது எனக்கு இங்க கேக்கு. ஓடுங்க! ஓடிப் போயி சாவியத் திருப்பச் சொல்லுங்க! ததேயுஸ்! ததேயுஸ்னு விளிங்க! ஓடுங்க மாமா!

...

அலோ... யாராவது இருக்கியளா?... அலோ!... எடுங்க, யாராவது எடுங்க... அம்மிணி, நீ வெட்டிராத, உன் காலப் பிடிக்கேன்... அலோ... யாரு? அத்தையா? அத்தை, நேசபாய் எங்க? உள்ள இருக்காளா?... என்ன?... எதுக்கு வெளிய அனுப்பினிய?... போட்டோவா?... யாரு நிறுத்தினா? எங்க நிறுத்தி?...

வண்டிக்கு முன்னாலயா. பானட்டுல கை வச்சா.

அத்தை, அவளக் கூப்பிடுங்க. சத்தம் போட்டுக் கூப்பிடுங்க... ஆமா அத்தை. ஆமா. நாந்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன். உங்ககிட்ட ஒண்ணுமில்லன்னு சொன்னது நான்தான்... தப்பு அத்தை, நான் சொன்னது பொய்யி. வண்டியில தீ வரும். கூப்பிடுங்க பிள்ளைய! சன்னல்லேருந்து கூப்பிடுங்க!... மாமா வண்டிகிட்ட எட்டிட்டாவளா?... கூட்டத்துல விட மாட்டேங்காவளா? தள்ளிட்டுப் போகச் சொல்லுங்க! சாவி! சாவி!

...

டிக் டிக்கு நிக்கல்ல... இன்னும் ஓடுகு... இன்னும் ஓடுகு... யாரு சிரிக்கது அங்க...

...

நின்னுட்டு.

நின்னுட்டு அத்தை! சத்தம் நின்னுட்டு! எஞ்சின அணைச்சாச்சு! கர்த்தாவே, ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்... மாமா எட்டிட்டாவ... அழாதீங்க அத்தை, சாவியத் திருப்பியாச்சு, இனி பேடிக்காண்டாம்... பிள்ளைய மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு...

அத்தை.

பாட்டு எங்க?

சாவிய அணைச்சா பாட்டு நிக்காதே. அது நேரே பேட்டரியிலேருந்துல்லா... வயரு வெந்தாத்தானே ரெண்டும் சேந்து நிக்கும்... ரேடியோவ யாராவது நிறுத்தினாவளா? ததேயுஸ் நிறுத்தினானா? பாருங்க அத்தை, சன்னல்லேருந்து பாத்துச் சொல்லுங்க... நிறுத்தினான்னு சொல்லுங்க... தெரியல்லியா? ஏன் தெரியல்ல? என்ன மறைக்கு?

...

புகையா.

அது யாரு நிலவிளிச்சுக் கதறுகது? அத்தை, யாரு நிலவிளிக்கது?... வெள்ளம்னு கேக்குதே, யாரு வெள்ளம் கொண்டான்னு கத்துகது? வெள்ளம் ஊத்தாதீங்க! மண்ணு! மண்ண வாரிப் போடுங்க! பானட்டத் திறக்காதீங்க! அத்தை, போகாதீங்க, போன விட்டுட்டுப் போகாதீங்க...

அலோ... அலோ... அம்மிணி, எக்ஸ்டென்ஷன்... அந்தப் பக்கம் ஆளு இல்லன்னு வெட்டிராத, ஆளு உண்டு, எனக்குக் கேக்கு... அலோ... மாமா... யாராவது எடுங்க... நேசபாய் எங்க நிக்கா? அத மட்டும் சொல்லுங்க. பிள்ளை எங்க நிக்கா?... அலோ...

இஸ்ரவேலு, நீ இன்னும் போகல்லியா?... எம்புட்டு நேரமாலே அங்க நிக்க?

...

அலோ.